கனகாம்பரம் ஏன் கருகியது? வெயிலையும் உப்பையும் பிரித்தறியும் ஒரு பாடம்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் பாத்திகள், மறுபக்கம் சவுக்கும் தென்னையும். ஒவ்வோர் ஆண்டும் பள்ளியின் முன்சுவர் ஓரமாகக் கனகாம்பரம் நடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளதளவென்று வளரும். பொங்கல் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கும் நாள்களில் இலை நுனி கருகும். பங்குனிக்குள் வெறும் குச்சி நிற்கும். "உப்புக் காத்து டீச்சர், இங்க எதுவும் வராது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மூன்று ஆண்டுகள் நானும் அதையே நம்பினேன்.

நான்காம் ஆண்டு மாசி மாதத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். "பூ எங்கம்மா வாங்குற?" என்றேன். "வாங்கல டீச்சர், எங்க வீட்டுத் தோட்டத்துல பூக்குது" என்றாள். அவள் வீடு பள்ளியைவிட உப்பளத்துக்கு நெருக்கம். காற்றுதான் காரணம் என்றால் அவள் வீட்டுச் செடி முதலில் கருகியிருக்க வேண்டுமே!

அந்த ஒரு பதில்தான் இந்தப் பாடத்தின் தொடக்கம். எந்த ஊர்ப் பள்ளியிலும் தங்கள் செடிக்கும் தங்கள் மண்ணுக்கும் ஏற்ப மாற்றி நடத்தலாம் என்பதால் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பார்ப்போம்

மறுநாள் மாலை ஏழாம் வகுப்பு முழுவதும் அந்த வீட்டுக்குப் போனோம். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை, இரண்டு தென்னை. அவற்றின் நிழலில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி நிற்கும் இடத்தில் கனகாம்பரம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அது ஊராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர். பள்ளிச் செடிக்கு நாங்கள் ஊற்றுவது வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைத்தால் சற்றுக் கரிக்கும்.

வகுப்புக்குத் திரும்பியதும் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதினோம். பள்ளி: முழு வெயில், உவர்த் தண்ணீர். வீடு: நிழல், நல்ல தண்ணீர். 'எது காரணம்?' என்று கேட்டதும் வகுப்பு இரண்டானது. பாதிப் பேர் நிழல் என்றார்கள். பாதிப் பேர் தண்ணீர் என்றார்கள். இரு தரப்பும் ஒரே வீட்டைச் சான்றாகக் காட்டியதுதான் வேடிக்கை. இரண்டு வேறுபாடுகள் ஒன்றாக வரும்போது, பார்த்த அளவில் காரணம் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அறிவியல் பாடநூல் முழுவதும் இருக்கும் இந்தச் செய்தி, செடி சாகும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

செடியை அறிவோம்

சோதனைக்கு முன் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கனகாம்பரம் 'கிராசாண்ட்ரா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 50 சிற்றினங்கள் உள்ளன. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, இந்தியத் துணைக்கண்டம் ஆகிய பகுதிகளில் அவை இயற்கையாக வளர்கின்றன. 1805இல் ஆங்கிலத் தாவரவியலாளர் சாலிஸ்பரி இப்பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் 'குஞ்சமுள்ள ஆண்' என்பது பொருள். மகரந்தப்பையின் ஓரம் குஞ்சம்போல் இருப்பதால் வந்த பெயர். நம் வீட்டுக் கனகாம்பரத்தின் அறிவியல் பெயர் 'கிராசாண்ட்ரா இன்பண்டிபுலிபார்மிஸ்'. புனல் வடிவமுடையது என்று பொருள். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களில் அடங்கும்.

பூவை ஆளுக்கொன்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட மெல்லிய குழல். அதன் முனையில் விசிறிபோல் ஒரே பக்கமாக விரிந்த ஐந்து மடல்கள். மேலுதடு இல்லை. செம்பருத்தியை அருகில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். மணம் இல்லை; நிறம்தான் அழைப்பு. பூக்கள் கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டிரண்டாக மலர்வதால் ஒரு கதிர் பல நாள்கள் பூ தருகிறது. பறித்த பின்னும் எளிதில் வாடாது. எடையோ மிகக் குறைவு. எத்தனை பூ சேர்ந்தால் ஒரு கிராம் என்று எடைத்தராசில் கண்டுபிடித்து, ஒரு கிலோவுக்கு எத்தனை பூ பறிக்க வேண்டும் என்று கணக்கிடச் செய்தால், விகிதக் கணக்கும் பூப்பறிக்கும் பெண்களின் உழைப்பும் ஒருசேரப் புரியும்.

கனகாம்பரம் நிழலை விரும்புமா, தாங்குமா? இரண்டும் வேறு. மரத்தடியில் சிதறி விழும் ஒளியில் அது செழிக்கும். நல்ல மண்ணும் நீரும் இருந்தால் திறந்த வெளியிலும் வளரும். நம் மாநிலத்துப் பூந்தோட்டங்களில் வயலாகவே பயிரிடுகிறார்கள். ஆனால் அடர்ந்த இருட்டு நிழலில் இலை பெருகிப் பூ குறையும். எனவே 'நிழல் தாவரம்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், 'எவ்வளவு நிழல், எந்த நேரத்து நிழல்' என்று கேட்கப் பழக்க வேண்டும்.

பன்னிரண்டு தொட்டிகள்

ஒரே தாய்ச்செடியின் விதையிலிருந்து வந்த, ஏறத்தாழ ஒரே உயரமுள்ள 12 கன்றுகளை எடுத்துக்கொண்டோம். பழைய பெயின்ட் வாளிகளின் அடியில் துளையிட்டு, ஒரே இடத்து மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினோம். மூன்று மூன்றாக நான்கு கூட்டங்கள்:

1. வெயில், நல்ல தண்ணீர்
2. வெயில், உப்புத் தண்ணீர்
3. நிழல், நல்ல தண்ணீர்
4. நிழல், உப்புத் தண்ணீர்

நிழலுக்கு வேப்பமரத்தடி. உப்புத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் 3 கிராம் கல்லுப்பு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நாங்கள் எடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிணற்றுத் தண்ணீரையே ஊற்றாததற்குக் காரணம் உண்டு: அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்த அளவு உப்பைச் சேர்த்தால் 'தண்ணீரில் மாறியது இது ஒன்றுதான்' என்று சொல்லலாம். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம். வாரம் ஒருமுறை உயரம், இலை எண்ணிக்கை, கருகிய இலை எண்ணிக்கை, பூக்கதிர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தோம்.

கிணற்றுத் தண்ணீரைத் தனியே சோதித்தோம். ஓர் அகலத் தட்டில் அரை லிட்டர் ஊற்றி வெயிலில் வைத்தோம். பக்கத்துத் தட்டில் அதே அளவு குழாய்த் தண்ணீர். காய்ந்தபின் கிணற்றுத் தண்ணீர்த் தட்டில் வெள்ளையாகப் படிந்தது கூடுதல். உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின் வரிசையில் அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்து, "25 டிகிரி வந்தாதான் டீச்சர் உப்பு இறங்கும், எங்கப்பா பார்ப்பாரு" என்றான். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் மானியைத்தான் சொன்னான். அன்று அடர்த்தி பற்றி வகுப்புக்கு விளக்கியது அவன்தான்.

இரக்கத்தால் கெட்ட சோதனை

முதல் முயற்சி தோற்றது. மூன்றாம் வாரத்தில் இரண்டாம் கூட்டத்துச் செடிகளில் கருகல் நின்று புதுத் துளிர் வந்தது. யாருக்கும் காரணம் விளங்கவில்லை. கடைசியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். "அது செத்துப் போயிடும்னு சாயங்காலம் நான்தான் நல்ல தண்ணி ஊத்துனேன் டீச்சர்" என்றாள்.

கோபப்பட இதில் எதுவுமில்லை. உப்பு அடித்த செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பைக் கீழே அலசிவிட்டால் அது பிழைக்கும் என்பதை அவள் எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். அதையும் ஏட்டில் எழுதினோம். குறித்த அளவுகளை அடித்து மாற்றவில்லை. 'இது நடந்ததால் இந்த முடிவை ஏற்க முடியாது' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டோம். பிறகு வகுப்பில் ஓர் உடன்பாடு: சோதனை முடிந்ததும் எல்லாச் செடியையும் காப்பாற்றுவோம், அதுவரை யாரும் விதியை மீறக்கூடாது. புதிய 12 கன்றுகளுடன் மீண்டும் தொடங்கினோம்.

கண்டவை

இரண்டாம் முயற்சியில் தெரிந்தவை: வெயிலில் நல்ல தண்ணீர் பெற்ற செடிகள் சாகவில்லை. இலை சிறுத்து, தடித்து, சற்று வெளிறியிருந்தது, ஆனால் பூத்தது. நிழலில் நல்ல தண்ணீர் பெற்றவற்றின் இலை அகலமாக, மெல்லியதாக, கரும்பச்சையாக இருந்தது. வெயிலில் உப்புத் தண்ணீர் பெற்றவையே முதலில் கருகின. நிழலில் உப்புத் தண்ணீர் பெற்றவையும் கருகின. ஆனால் தாமதமாக, குறைவாக.

வகுப்பின் இரு தரப்புமே பாதி சரி. வெயில் மட்டும் செடியைக் கொல்லவில்லை. உப்பு கெடுதல் செய்தது. வெயில் அந்தக் கெடுதலை விரைவுபடுத்தியது. 12 தொட்டிகள் பெரிய சான்று அல்ல என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு இதை மீண்டும் செய்து பார்க்கும்.

ஏன் இப்படி? இதற்குக் கருவாடுதான் எங்கள் கற்பித்தல் உபகரணம். மீனுக்கு உப்பிட்டால் தண்ணீர் கசிந்து வெளியேறுகிறது. வேரைச் சுற்றி உப்பு கூடினாலும் இதே சவ்வூடு பரவல்தான். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. உறிஞ்சும் கொஞ்ச நீரோடு உப்பும் ஏறி, நீராவிப்போக்கில் நீர் வெளியேற, இலையில் உப்பு தங்கிவிடுகிறது. அதனால்தான் கருகல் நுனியிலும் ஓரத்திலும், அதுவும் வயதான இலைகளில் தொடங்குகிறது. வெயில் கூடினால் நீராவிப்போக்கு கூடும். மண்ணும் விரைவில் காய்ந்து, மீந்த ஈரத்தில் உப்பு செறியும். உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது. நிழல் இந்த வேகத்தைக் குறைக்கிறது.

இலை சொல்லும் செய்தியைப் படிக்கவும் பழக்கலாம். நுனியும் ஓரமும் கருகினால் உப்பைச் சந்தேகிக்கலாம். வெயில் நேராகப் படும் பகுதியில் மட்டும் வெளிறிய திட்டு என்றால் வெயில். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. நீர் இருந்தும் செடி குன்றி வாடினால் வேரைப் பார்க்க வேண்டும். கனகாம்பரத்துக்கு நூற்புழுவும் வாடல் நோயும் பெரிய எதிரிகள். ஒரே 'வாட்டத்துக்கு' இத்தனை காரணங்கள்!

வெடிக்கும் காய்

உலர்ந்த கதிர்களைத் தூக்கியெறிய வேண்டாம். முற்றி உலர்ந்த காய்மேல் சில துளி தண்ணீர் தெளித்து, முகத்தை அருகில் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி நின்று காத்திருங்கள். 'டப்'பென்று வெடித்து விதைகள் சிதறும். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு விதையும் எவ்வளவு தூரம் போனது என்று அளந்து சராசரி காணலாம். காயின் சுவர் நீரை உறிஞ்சும்போது ஏற்படும் இழுவிசை அதைச் சட்டென்று இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே இருக்கும் கொக்கிகள் விதையை உந்தித் தள்ளுகின்றன. ஒரு காயில் பொதுவாக நான்கு விதைகள். மழை வந்தபின் வெடித்தால் விதை ஈரமண்ணில் விழும். காயில் தண்ணீர் பட்டால் வெடிப்பதன் பயன் என்ன என்று கேளுங்கள். பிள்ளைகளே ஐப்பசி மழையைச் சொல்வார்கள்.

நாற்றங்காலில் வாங்கிய 'டெல்லி கனகாம்பரம்' வைத்திருந்தால் அதில் இந்தச் சோதனை நடக்காது. அது மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மும்மய வகை. இனச்செல் உருவாகும்போது மூன்று தொகுதிகள் சரிசமமாக இணைசேர முடியாததால் விதை பிடிப்பதில்லை. தண்டுத் துண்டு வைத்தே பெருக்குகிறார்கள். உயர்நிலை வகுப்பில் மரபியல் நடத்துவோருக்கு விதையுள்ள ஒரு கதிரும் விதையில்லாத ஒரு கதிரும் போதும்.

உப்பைத் தின்னும் உறவினர்கள்

கனகாம்பரத்தின் குடும்பம் அகாந்தேசி. ஆடாதொடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ, பட்டாசுக்காய் எல்லாம் இதன் சொந்தங்கள். உவர் கழியில் வளரும் கழுதைமுள்ளியும் இதே குடும்பம். பிச்சாவரத்தில் நிறைந்திருக்கும் வெண்கண்டல் மரத்தையும் இன்றைய வகைப்பாட்டில் இக்குடும்பத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். வெண்கண்டல், தான் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. இலையை நாவால் தொட்டால் கரிக்கும். லிட்டருக்கு 3 கிராம் உப்பில் கருகும் ஒரு செடி, கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் ஒரு மரம். இரண்டும் ஒரே குடும்பம். தகவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

களப்பயணம் போக முடிந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகலாம். காசானும் காட்டெலுமிச்சையும் வளரும் உலர் பசுமைமாறாக் காடு அது. காட்டுக்கு வெளியிலும் உள்ளேயும் ஒரே நேரத்தில் வெப்பநிலை எடுத்து ஒப்பிடுங்கள். நிழலில் தரையோடு வளரும் செடிகளின் இலை அகலத்தைப் பார்த்துக் குறிக்கலாம். கோயில் வழக்கத்தை மதித்து எதையும் பறிக்க வேண்டாம்.

வகுப்புவாரியாக

தொடக்க வகுப்புகள்: பூவை வரைதல், மடல் எண்ணுதல், பூக்கட்டி ஐந்தைந்தாக எண்ணுதல், வெயில் இலையையும் நிழல் இலையையும் தொட்டுப் பார்த்து வேறுபாடு சொல்லுதல்.

நடுநிலை வகுப்புகள்: பன்னிரண்டு தொட்டிச் சோதனை, வரைபடத்தாளில் இலைப் பரப்பு காணுதல், விதை சிதறும் தூரத்தின் சராசரி.

உயர்நிலை வகுப்புகள்: சவ்வூடு பரவல், நீராவிப்போக்கு, மும்மயம், தகவமைப்பு.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள் போதும். வெயிலும் உப்பும் ஒன்றாக இருந்த செடியை மட்டும் பார்த்து ஏன் முடிவு சொல்ல முடியாது? ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுக்குப் பதில் மூன்று தொட்டி ஏன்? நல்ல தண்ணீர் ஊற்றிய சிறுமியின் ஏட்டுக் குறிப்பை நீ எப்படி எழுதுவாய்?

தோட்டம் இப்போது

முன்சுவர் ஓரத்தைக் கைவிட்டு, வேப்பமரத்தின் கிழக்கே பாத்தி போட்டோம். காலை வெயில் கிடைக்கும். உச்சி வெயில் படாது. கைகழுவும் குழாய்த் தண்ணீர் சிறு கால்வாயாக அங்கே போகிறது. மண்ணை உயர்த்தி வடிகால் விட்டோம். நீர் ஆவியாவதைக் குறைக்கத் தென்னை ஓலையும் சருகும் மூடாக்காகப் போட்டோம். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டதால் மண்ணில் இருந்த உப்பை மழை அலசிவிட்டது. உங்கள் பள்ளியிலும் உவர்ப்புச் சந்தேகம் இருந்தால், நடுவதற்கு முன் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் கொடுத்து உவர் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்ற பங்குனியில் பாத்தி குச்சியாகவில்லை. ஆண்டு விழாவுக்கு எங்கள் பூவையே கட்டினோம். அன்று, பூ வைத்துக்கொண்டு வந்த அதே மாணவி என்னிடம் வந்தாள். "டீச்சர், மண்ணுல உப்பு பார்த்தோம். எல்லாரும் சொல்ற உப்புக் காத்தை நாம சோதிக்கவே இல்லையே?" என்றாள்.

உண்மைதான். மூன்று ஆண்டுகளாகக் காற்றின்மேல் பழி போட்டோம். இப்போது சோதிக்காமலே விடுதலையும் செய்துவிட்டோம். இந்த ஆண்டுக்கான திட்டத்தை வகுப்பே எழுதியிருக்கிறது. காற்று வரும் பக்கம் ஆறு தொட்டிகள். எல்லாவற்றுக்கும் வேரில் நல்ல தண்ணீர். மூன்று தொட்டிகளின் இலைகளை மட்டும் தினமும் மாலையில் ஈரத்துணியால் துடைப்பார்கள். துடைக்காத மூன்று என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இந்த முறை யாரும் இரக்கப்பட்டு மற்ற மூன்றையும் துடைத்துவிடக் கூடாது என்று ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.